வேலூர்க்காரர் வாங்கும் முதல் மோட்டார் படகு

வேலூரில் பாலாற்றுப் பாலத்தைக் கடப்பவர்களின் கண்ணில் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் படுவது மணலும் சீமைக்கருவேலமும்தான். 2021 நவம்பரில் ஆறு இருகரையும் தொட்டு ஓடியபோது, பாலத்தின் மேல் நின்று பார்த்த இளைஞர்கள் பலருக்கு அது வாழ்நாளில் கண்டிராத காட்சியாக இருந்தது. நந்திமலைப் பகுதியில் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு என நம் ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 348 கிலோமீட்டர் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே அந்த ஆறு கடலில் சேர்கிறது. ஏரிக்கரையில் தூண்டில் போட்டு கெண்டையும் விராலும் பிடித்துப் பழகிய நம் பக்கத்து ஆட்கள், ஒரு விடுமுறையில் அந்தக் கழிமுகத்தையோ முதலியார்குப்பத்தையோ பழவேற்காட்டையோ பார்த்துவிட்டுத் திரும்பும்போது, சொந்தமாக ஒரு சிறு மோட்டார் படகு இருந்தால் கொடுவாவும் செப்பிலியும் தேடிப் போகலாமே என்ற ஆசையோடு திரும்புகிறார்கள். என்னிடம் இது பற்றிக் கேட்ட அனைவரும் முதலில் கேட்ட கேள்வி, எத்தனை குதிரைத்திறன் இன்ஜின் வாங்கலாம் என்பதே. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் உறுதியான எண்ணம். எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறோம், அங்கே படகை யார் எப்படி இறக்கி ஏற்றுவார்கள், ஓட்டாத நாட்களில் அது எங்கே கிடக்கும் என்ற மூன்றும் தீர்ந்துவிட்டால், இன்ஜின் தானாகவே முடிவாகிவிடும்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். நாம் படகு ஓட்டப் போவது கடலோரத்து அடக்கமான நீர்நிலையில். அப்படி நாம் சொல்வது, கடலுக்கும் நிலத்துக்கும் இடையே மணல் திட்டு ஒன்று அரணாகக் கிடக்க, அதற்கு உட்புறம் தேங்கி நிற்கும் உவர்நீரை. பழவேற்காடு ஏரி இவற்றுள் பெரியது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அதுவே. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தெற்கு ஓரம் மட்டுமே தமிழ்நாட்டில். இத்தனை பரந்த நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர்தான் என்பதைப் படகு வாங்க நினைப்பவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சிறு படகு ஒன்று இரண்டு ஆட்களோடு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக நீரில் அமிழ்ந்திருக்கும். அதன் அடிக்கும் கீழே இன்ஜினின் கால் எனப்படும் கீழ்த்தண்டும் நீரைத் தள்ளும் காற்றாடியும் நீண்டிருக்கும். ஆகவே எவ்வளவு சிறிய படகானாலும் அரை மீட்டருக்குக் குறையாத நீர் தேவைப்படும். ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றம், வற்றும் வேளையில் ஏரியின் பல இடங்களில் அந்த அரை மீட்டரும் இருக்காது. அடி ஆழமாக இறங்கிய கனத்த படகை விரும்பி வாங்கியவர், வாங்கிய முதல் மாதத்திலேயே சேற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டிருப்பார்.

ஆழம் குறைந்த நீருக்கு இன்னொரு குணமும் உண்டு. கோடைகாலத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பும்போது, ஆழ்கடலில் நீண்டு உருளும் அலை இங்கே உருள இடமின்றி, குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றன்பின் ஒன்றாக எழும். உயரம் ஒரு முழம்கூட இராது. ஆனால் அடுத்தடுத்து வந்து படகின் முன்முனையான அணியத்தில் மோதும் அந்தச் சிற்றலைகள், விளிம்பு தாழ்ந்த படகுக்குள் வாளிக்கணக்கில் நீரை இறைத்துவிடும். காலையில் கண்ணாடி போலக் கிடந்த நீரைப் பார்த்துப் படகின் அளவை முடிவு செய்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை கரையில் நின்று அதே நீரைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இந்த நீர்நிலைகளில் மிக ஆபத்தான இடம் முகத்துவாரம். ஏரியோ ஆறோ கடலைச் சந்திக்கும் அந்த வாயில் மணல் மேடு ஒன்று நீருக்கடியில் குறுக்கே கிடக்கும். அது பருவத்துக்குப் பருவம் இடம் மாறும், சில மாதங்களில் வாயையே அடைத்துவிடும். ஓதம் இறங்கும்போது உள்ளிருந்து வெளியேறும் நீரோட்டமும், வெளியிலிருந்து உள்ளே வரும் கடலலையும் ஒன்றையொன்று எதிர்த்து மோதுவதால், அலை அந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து உடையும். தலைமுறை தலைமுறையாக அந்த வாயைக் கடந்து போகும் மீனவர்களே நின்று, அலையை எண்ணி, நேரம் பார்த்துக் கடக்கும் இடம் அது. முதல் படகு வாங்குபவர், தன் எல்லை முகத்துவாரத்துக்கு உட்புறத்தோடு முடிகிறது என்று தீர்மானித்துக்கொண்டே படகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'எப்போதாவது வெளியே போனாலும் தாங்கும்' என்ற நினைப்பில் பெரிய படகும் பெரிய இன்ஜினும் வாங்குவது, போகக் கூடாத இடத்துக்குத் தன்னைத் தானே அழைத்துச் செல்வதாகும்.

அந்த நீர் யாருடையது என்பதையும் நாம் நன்றாக அறிந்துகொள்ள வேண்டும். பழவேற்காட்டில் பாடு என்ற முறை நெடுங்காலமாக வழங்குகிறது. எந்த ஊரார், எந்த வலையை, எந்த நாளில், எந்த இடத்தில் போடலாம் என்பதை மீனவக் கிராமங்கள் தங்களுக்குள் முறைவைத்தும் சீட்டுப் போட்டும் பகிர்ந்துகொள்கின்றன. வெளியூர்க்காரர் ஒருவர் மோட்டார் படகோடு வந்து, பாடு முறைக்குரிய இடத்தில் நங்கூரம் இட்டால், அது ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானத்தின் மேல் நங்கூரம் இடுவதற்கு ஒப்பாகும். காற்றாடி வலையில் சிக்கினால் இழப்பு இரு பக்கமும்தான். ஆனால் அறுந்த வலையை அன்றிரவு உட்கார்ந்து முடிபவர் நாம் அல்லர். மேலும் ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. எதிரே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் சுற்றுவட்டாரக் கடலுக்குள் போகத் தடையும் வரும். இக்காரணங்களால் முதல் படகுக்குப் பழவேற்காட்டை நான் பரிந்துரைப்பதில்லை. பாலாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய பகுதியோ முதலியார்குப்பத்து உப்பங்கழியோ, வாலாஜாபேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போகும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அங்கும் கரையூர்ப் பெரியவர்களிடம் பேசி, எந்த இடத்தில் தூண்டில் போட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே படகை நீரில் இறக்க வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983 மீன்பிடிப் படகுகளுக்குப் பதிவையும் உரிமத்தையும் வேண்டுகிறது. ஓதம் ஏறும் ஆறுகளும் உட்பட்ட உள்நாட்டு நீர்வழிகளில் இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்கு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளை முன்னிட்டு வருவது. உங்கள் படகு எந்த வகைக்குள் வருகிறது என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பு, படகை நிறுத்தப் போகும் மாவட்டத்தின் மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி உடல் அமைப்பு. நம் கடற்கரையில் இன்று கண்ணுக்கு முதலில் படும் ஃபைபர் படகு நீண்டும் ஒடுங்கியும் அணியம் உயர்ந்தும் இருக்கும். கட்டுமரத்தின் இடத்தை அது பிடித்த வரலாறு நெடியது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் என்ற மீன்வள மேம்பாட்டுத் திட்டம், கரையில் இறங்கி ஏறும் சிறு படகுகளை வடிவமைத்துச் சோதித்துப் பார்த்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகவும் மறுவாழ்வு உதவியாகவும் வந்த ஃபைபர் படகுகளால் கரைகளின் தோற்றமே மாறியது. அந்தப் படகின் வடிவம், அலை உடையும் திறந்த மணற்கரையிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து தள்ளி இறக்கி, வலையையும் மீனையும் சுமந்து மீண்டும் அலையில் ஏறித் திரும்புவதற்கென்று ஏற்பட்டது. அந்த வேலைக்கு அது மிகவும் பொருத்தமானது. ஆனால் வேலூரிலிருந்து தம்பியையோ நண்பரையோ மட்டும் அழைத்துக்கொண்டு போகும் ஒருவருக்கு, தள்ள ஆளில்லாத கழிக்கரையில், அதே படகு அசைக்க முடியாத சுமை. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை முதல் படகாக வாங்கியவர்கள், ஒவ்வொரு முறையும் கரையூர் ஆட்களின் தோளை நம்பியே வாழ வேண்டியிருக்கிறது.

உப்பங்கழிக்கு ஏற்றது 12 முதல் 14 அடி நீளமும், அந்த நீளத்துக்குத் தாராளமான அகலமும் உடைய, அடி ஏறக்குறைய தட்டையான படகு. தட்டை அடிக்கு இரண்டு நன்மைகள் உண்டு: குறைந்த நீரில் மிதக்கும், ஒருவர் எழுந்து நின்று தூண்டிலை வீசும்போது சட்டென்று சாயாது. சாயத் தொடங்கும் பக்கத்தில் அதன் அகலமான அடி அதிக நீரை இடம்பெயர்ப்பதால், நீர் அந்தப் பக்கத்தை மேலே தள்ளி நிமிர்த்துகிறது. ஆங்கில எழுத்தான வி வடிவில் கூர்ந்த அடி, எதிரலையைக் கத்தி போல் வெட்டிச் செல்லும். ஆனால் நின்றுகொண்டிருக்கும்போது தொட்டில் போல ஆடும், ஆழமும் கூடுதலாகக் கேட்கும். இரண்டுக்கும் நடுவே, அணியத்தில் மட்டும் லேசான வி வடிவும் பின்னோக்கி வரவரத் தட்டையாகும் அடியும் கொண்ட படகு கிடைத்தால், பிற்பகல் சிற்றலைக்கு அதுவே மிகச் சிறந்தது என்பேன்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் அளந்து பெருக்கி 15-ஆல் வகுத்தால் வருவது ஆட்களின் எண்ணிக்கை. 14 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள படகுக்கு அது நான்கு பேரைக் காட்டும். இது அமைதியான நீரில், சராசரி எடையுள்ள ஆட்களுக்கு மட்டுமே பொருந்தும் உச்ச வரம்பு. ஐஸ் பெட்டி, எரிபொருள், நங்கூரம், தூண்டில்கள் என்று சேர்ந்துவிட்ட பின் அந்தப் படகில் இரண்டு பேர்தான் நிம்மதியாக மீன் பிடிக்க முடியும். மூவர் என்றால் நெருக்கம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் 'இன்னும் ஒருவர்தானே' என்று கூட்டமாக ஏறும் குடும்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாள் எனக்கு நினைவுக்கு வருகிறது. படகின் அளவு எதுவானாலும், ஏறுகிற ஒவ்வொருவரின் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் கட்டப்பட்டிருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் மடித்துவைத்த ஜாக்கெட் கவிழும் நேரத்தில் கைக்கு வராது.

எதனால் செய்த படகு என்று பார்த்தால், நம் பகுதியில் நடைமுறைக்கு உகந்தது ஃபைபர்தான். அலுமினியப் படகு எடை குறைவு, ஆயினும் எளிதில் கிடைப்பதில்லை. உப்புநீரில் வேறு உலோகத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கும். காற்றடைத்த ரப்பர் படகைக் காரிலேயே கொண்டுபோகலாம், ஆனால் கழிகளின் சிப்பி ஓடுகள் அதைக் கிழித்துவிடும். ஃபைபரில் உள்ள ஆபத்து, அதன் குறை வெளியே தெரியாது என்பது. நான் முதலில் வாங்கிய பழைய படகு புதுச் சாயம் பூசிப் பளபளவென்று இருந்தது. மூன்றாவது மாதத்தில் இன்ஜின் மாட்டும் பின்பலகை மெல்ல உள்வாங்கத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தால், இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே இருந்த ஒட்டுப்பலகை ஈரத்தில் ஊறி, கையால் பிய்க்கும் அளவுக்கு மக்கிப்போயிருந்தது. அன்று எனக்குத் தெரியாமல் போன சோதனை மிக எளிது. மரக் கைப்பிடி ஒன்றால் பின்பலகை முழுவதும் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடத்தில் ஒலி இறுகிக் கேட்கும், மக்கிய இடத்தில் மொத்தென்று அமுங்கும். பிறகு, மாட்டியிருக்கும் இன்ஜினின் காலைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்த வேண்டும்; பலகை வளைந்தாலோ, திருகாணித் துளைகளிலிருந்து பழுப்பு நீர் கசிந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தப் படகு வேண்டாம். தளத்தின் மேல் நடந்து பார்க்கும்போது காலுக்குக் கீழே பஞ்சு போல் அமுங்கினால், மிதப்புக்காக அடைத்த நுரை நீரைக் குடித்திருக்கக் கூடும். முடிந்தால் படகை எடை போட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன எடையைவிடப் பல கிலோ கூடியிருந்தால் கூடியது பெரும்பாலும் தண்ணீர்.

இப்போது இன்ஜின். நீரை விலக்கிக்கொண்டே செல்லும் படகின் வேகத்துக்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நீரில் படியும் நீளம் கூடக்கூடத்தான் அந்த வரம்பு உயரும். 14 அடிப் படகுக்கு அது மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அதற்குமேல் போக வேண்டுமானால், படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறி நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்ல வேண்டும். அந்த ஏற்றத்துக்குத்தான் பெரிய இன்ஜின் தேவை. வரம்புக்குள் செல்ல 5 குதிரைத்திறனே போதும். ஆழமற்ற கழியில் வலைகளுக்கு நடுவே வழுக்கி ஓட்டும் இடமும் இல்லை, அவசியமும் இல்லை. ஆயினும் எதிர்க்காற்றில் இரண்டு ஆட்களோடு திரும்பும் வலிமைக்காக 9.9 குதிரைத்திறன் நியாயமான தேர்வு. நான்கு ஸ்ட்ரோக் வகையில் 5 குதிரைத்திறன் இன்ஜின் சுமார் 25 கிலோ, 9.9 சுமார் 40 கிலோ, 15 என்றால் 50 கிலோவை ஒட்டி. ஒருவர் தனியே தூக்கி மாட்டக்கூடிய எடைக்கும் இருவர் வேண்டிய எடைக்கும் நடுவே உள்ள கோடு இங்கேதான் விழுகிறது. வேகப்பிடியை முழுதும் திருகி ஓட்டினால் 9.9 இன்ஜின் மணிக்கு 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெட்ரோல் குடிக்கும்.

கடற்கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினையும், நீண்ட தண்டின் முனையில் காற்றாடி சுழலும் டீசல் இன்ஜினையும் பார்ப்பீர்கள். நாள்தோறும் கடலுக்குப் போகிறவர்களுக்கு, எரிபொருள் செலவையும் பழுது பார்க்கும் வசதியையும் எண்ணும்போது அவை சரியானவை. மாதம் இருமுறை ஓட்டும் நமக்கு, எண்ணெய் கலக்கத் தேவையில்லாத, மெல்ல ஓட்டும்போது புகையாத நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின் நல்லது. வாங்கும்போது தண்டின் நீளத்தை அளந்தே வாங்க வேண்டும். பின்பலகையின் உயரம் 15 அங்குலமானால் குட்டைத் தண்டு, 20 அங்குலமானால் நீளத் தண்டு. மாற்றி மாட்டினால் ஒன்றில் காற்றாடி காற்றை விழுங்கிச் சுற்றும், மற்றொன்றில் தேவையின்றிச் சேற்றைத் தொடும்.

உப்பு என்ன செய்யும் என்பதை நம் பகுதிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் உப்பிட்ட தோல் இறக்கும் கொட்டகைகளில் இரும்புத் தூண்கள் அடியில் இற்றுப்போய் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இன்ஜினுக்குள் கடல்நீர்தான் குளிரூட்டும் நீராக ஓடுகிறது. ஓட்டி முடித்ததும் நல்ல நீரில் பத்து நிமிடமாவது ஓடவிடாவிட்டால் உப்பு உள்ளேயே படிகமாகி வழியை அடைக்கும். வேலூர் வீட்டில் ஒரு பெரிய டிரம்மில் நீர் நிரப்பி, இன்ஜினின் காலை அதில் இறக்கி ஓட்டலாம். ஆனால் பல ஊர்களின் ஆழ்குழாய் நீரே உப்பாக இருக்கிறது. ஆதலால் குடிநீர்க் குழாயில் வருவதையோ பிடித்துவைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். ஓடும்போது இன்ஜினின் பக்கவாட்டுத் துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை விடாமல் பாய வேண்டும். அது மெலிந்தால், சேறு கலந்த நீரில் தேய்ந்துவிட்ட ரப்பர் பம்புச் சக்கரத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினைக் காரில் கொண்டுவரும்போது தயாரிப்பாளர் குறித்த பக்கமாகவே படுக்கவைக்க வேண்டும். தவறினால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

எரிபொருளிலும் புதிய கவனம் தேவைப்படுகிறது. இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; கடலோரத்தில் பாதி நிரம்பிய டேங்கை வாரக்கணக்கில் விட்டால், நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, இன்ஜின் முதலில் அதையே இழுக்கும். ஓட்டிவிட்டு வைக்கும்போது எரிபொருள் குழாயைக் கழற்றி, இன்ஜின் தானே நின்றுபோகும் வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காலி செய்வதும், மீந்த பெட்ரோலைக் காருக்கே ஊற்றிவிடுவதும் இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். கொண்டுபோகும் அளவுக்கு ஒரு கணக்கு: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, காற்று எதிர்த்தால் கையிருப்பாக ஒரு பங்கு.

படகைக் கரையூரில் விட்டுவைப்பதா, டிரெய்லரில் ஊருக்குக் கொண்டுவருவதா என்பது அவரவர் நிலைமையைப் பொறுத்தது. விட்டுவைப்பதானால், நம்பிக்கையான குடும்பம் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று பேசிக் கொடுப்பதும், இன்ஜினை மட்டும் கழற்றி வேலூருக்கு எடுத்து வருவதும் நல்ல ஏற்பாடு. கொண்டுவருவதானால், ஒவ்வொரு முறையும் உப்புநீரில் மூழ்கும் டிரெய்லர்ச் சக்கரத்தின் பேரிங்குகள் முதலில் போகும் என்பதை எதிர்பார்த்து, கிரீஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயில் 40 பாகையைத் தாண்டும் நம் ஊரில், படகை நேரடி வெயிலில் போட்டால் மேற்பூச்சு சுண்ணாம்பு போல் உதிரும். தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே புழுக்கத்தில் ஈரம் தங்கும். கீற்றுக் கொட்டகை போட்டு, அணியத்தைச் சற்று உயர்த்தி, அடியில் உள்ள நீர் வடியும் மூடியைக் கழற்றிவைப்பதே இதற்கு முறை.

விலை பேசி முடிப்பதற்கு முன், விற்பவரையும் உடன் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் நீரில் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் முதல் முறை இயக்கப்பட வேண்டும். நாம் போவதற்குள் அது சூடாக்கப்பட்டிருந்தால், இயங்க மறுக்கும் குறை ஒன்றை அது மறைத்துக்கொண்டிருக்கலாம். திரும்பி வந்ததும் தளத்துக்கு அடியில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு இன்ஜினில் பொறித்திருக்கும் எண்ணைத் துணியால் துடைத்துப் படித்து, ரசீதிலும் பதிவுச் சான்றிலும் உள்ள எண்ணோடு ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, கடலோரக் காவல்படையின் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இரண்டு அவசர உதவி எண்களையும் அழியாத மையால் படகின் உட்பக்கத்தில், ஓட்டுபவர் உட்கார்ந்தபடியே படிக்கக்கூடிய இடத்தில் எழுதிவிட்டு, அதன் பின்பே முன்பணத்தைக் கொடுங்கள்.